செஸ் வீடியோவை எப்படிப் பார்ப்பது, எந்தப் படத்தை யாரோடு பார்ப்பது

சென்னையில் இருக்கும் ஓர் அம்மா கேட்டிருக்கும் கேள்வி இது. பையனுக்கு ஒன்பது வயது. விதிகள் எல்லாம் தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனை எடுத்து வைத்துக்கொண்டு செஸ் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளுகிறான். ஓப்பனிங் பெயர்களை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முறைகளின் பெயர்களை, ஒப்பிக்கிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை போட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனால், பத்துப் பன்னிரண்டு மூவுக்குள் ஒரு காயைச் சும்மா விட்டுவிட்டு அழுதுகொண்டு வெளியே வருகிறான். வீடியோ பார்த்து செஸ் வருமா, எதைப் பார்க்கச் சொல்வது, வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க நல்ல செஸ் படங்கள் இருக்கின்றனவா என்று கேட்கிறார்.

நங்கநல்லூர்ப் பக்கம் குழந்தைகளுக்கு செஸ் சொல்லிக் கொடுக்கிறவன் என்பதால், ஏறக்குறைய இதே கேள்வியைப் பெற்றோர்கள் வாசலில் நின்று கேட்பது எனக்குப் பழக்கம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வீடியோ பார்த்து செஸ் வரும். ஆனால் உங்கள் மகன் இப்போது பார்க்கிற மாதிரி பார்த்தால் வராது. அவன் தேர்ந்தெடுக்கும் வீடியோக்களில் பெரிய தப்பு இல்லை. நிறுத்தாமல் பார்ப்பதுதான் தப்பு.

விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாக இருந்தபோது, 1970களின் கடைசியில், அப்பாவின் வேலை காரணமாகக் குடும்பம் மணிலாவுக்குப் போனது. அங்கே தினமும் மதியம் டிவியில் ஒரு செஸ் நிகழ்ச்சி வரும். அந்த நேரத்தில் பையனுக்குப் பள்ளிக்கூடம். அதனால் அம்மா சுசீலா அதைப் பார்த்து, காட்டிய ஆட்டங்களையும் கடைசியில் கொடுக்கும் புதிரையும் எழுதி வைப்பார். மாலையில் மகன் வந்ததும் இருவரும் போர்டைப் போட்டு உட்கார்ந்து தீர்ப்பார்கள், விடையை அனுப்புவார்கள். சரியாகச் சொன்னவர்களுக்குப் புத்தகம் பரிசு. இவர்களே வாங்கிக்கொண்டிருந்ததால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே என்று சொல்லிவிட்டார்களாம். ஆனந்தே பேட்டிகளில் சொல்லியிருக்கும் சம்பவம்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஆனந்த் அந்த நிகழ்ச்சியைப் பெரும்பாலும் பார்க்கவே இல்லை என்பது. அவர் கைக்கு வந்தது ஒரு நிலை மட்டும்: காய்கள் இங்கே நிற்கின்றன, அடுத்து என்ன? விடை உடனே வந்து விழவில்லை. யோசிக்க ஒரு மாலை முழுக்க இருந்தது. பக்கத்தில் அம்மா இருந்தார். இன்றைய யூடியூப் வீடியோவில் கேள்வி வந்த மூன்றாவது நொடியில் விடை வந்துவிடுகிறது. பையனுக்குத் தானே கண்டுபிடித்தது போன்ற ஒரு உணர்வு வரும், ஆனால் அவன் கண்டுபிடிக்கவில்லை, பார்த்தான். போட்டியில் எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளை விடையைச் சொல்லப்போவதில்லை.

ஆகவே முதல் வேலை, வீட்டில் ஒரு நிஜ போர்டு வேண்டும். சுருட்டி வைக்கிற ரெக்சின் போர்டும் பிளாஸ்டிக் காய்களும் போதும். வீடியோ ஓடும்போது ஒவ்வொரு மூவையும் பையன் கையால் போர்டில் வைக்க வேண்டும். முக்கியமான இடம் வந்ததும் நிறுத்த வேண்டும். எது முக்கியமான இடம் என்று உங்களுக்குத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை: சொல்கிறவரின் குரல் மாறும், கொஞ்சம் இழுப்பார், அங்கே நிறுத்துங்கள். அவன் தன் மூவை வாய்விட்டுச் சொல்லட்டும். அதற்கு எதிராளி என்ன ஆடுவான் என்பதையும் சொல்லட்டும். அப்புறம்தான் ஓட விட வேண்டும். பதினைந்து நிமிட வீடியோ ஒரு மணி நேரம் ஆகும். ஆகட்டும். அன்றைக்கு அது ஒன்று போதும்.

ஓர் ஆட்டத்தை வைத்தே காட்டுகிறேன். 2013 ஜனவரியில், நெதர்லாந்தின் வைக் ஆன் ஸேயில், லெவோன் அரோனியனை ஆனந்த் கறுப்புக் காய்களோடு ஜெயித்த ஆட்டம். மொத்தமே 23 மூவ்தான். யூடியூபில் தேடினால் பல பேர் விளக்கியிருப்பார்கள், எதை எடுத்தாலும் சரி. கட்டத்தின் பெயரில் எழுத்து, வெள்ளையின் இடப்பக்கத்திலிருந்து ஏ முதல் எச் வரை போகும் நெடுவரிசை; எண், வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும் குறுக்கு வரிசை. பன்னிரண்டாவது மூவில் வெள்ளைக் குதிரை ஜி5-க்கு வந்து நிற்கும். ராணியும் பிஷப்பும் ஏற்கெனவே எச்7 சிப்பாயைக் குறிவைத்திருக்கின்றன. ஆனந்த் அதைக் கண்டுகொள்ளாமல் சி5 தள்ளுகிறார். குதிரை எச்7-ல் இருக்கும் சிப்பாயை எடுக்கிறது. இங்கே நிறுத்துங்கள். உங்கள் மகன் உடனே அந்தக் குதிரையைக் குதிரையால் எடுப்பேன் என்பான். எடுத்தால் வெள்ளை பிஷப் எச்7-ல் செக்கோடு வந்து அமரும், ஒரு சிப்பாய் போய் ராஜாவின் வீடும் திறந்துவிடும். அதை அவனே போர்டில் வைத்துப் பார்க்கட்டும். ஆனந்த் ஆடியது, எஃப்6 குதிரையை ஜி4-க்குத் தாவ வைத்தது. எச்2-க்குக் குறி.

வெள்ளை எஃப்4 ஆடி பிஷப்பின் வழியை அடைக்கிறது. டி4-ல் சிப்பாய்கள் மாறுகின்றன. இப்போது இரண்டாவது முறை நிறுத்துங்கள். ஆனந்த் தன் பிஷப்பை டி6-லிருந்து சி5-ல் கொண்டுபோய் வைக்கிறார், டி4 சிப்பாய் அதைச் சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்கிற இடத்தில். எடுத்தால் என்ன ஆகும்? குதிரை சி5-ல் வந்து எடுக்கும், ராணிக்கு டி நெடுவரிசை திறந்துவிடும், டி3-ல் இருக்கும் வெள்ளை பிஷப் இரண்டு காய்களுக்கு நடுவே மாட்டும். அரோனியன் எடுக்கவில்லை, பிஷப்பை இ2-க்கு இழுத்து ஜி4 குதிரையைத் தாக்கினார். மூன்றாவது நிறுத்தம் இங்கேதான். இந்த ஆட்டத்தின் உயிரே இங்கே இருக்கிறது. தாக்கப்பட்ட குதிரையைக் காப்பாற்றாமல், இன்னொரு குதிரையையும் இ5-ல் சிப்பாயின் வாய்க்கு முன்னால் வைக்கிறார் ஆனந்த். சிப்பாய் எடுத்தால், ராணி டி4-ல் செக், ராஜா மூலைக்குப் போக வேண்டும், ராணி ஜி1-ல் தன்னையே கொடுத்து செக், வெள்ளை யானை அதை எடுத்தே ஆக வேண்டும், குதிரை எஃப்2-ல் செக்மேட். ராஜா தன் சொந்தக் காய்களுக்கு நடுவிலேயே மூச்சுமுட்டி நிற்கும். இந்த வரிசையைப் பையன் தானாகக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆனாலும் காத்திருங்கள். நான்கு மூவையும் அவன் கண்டுபிடிக்காவிட்டாலும், கடைசி ஒரு மூவையாவது அவன் சொல்லும்போது முகத்தைப் பாருங்கள். வீடியோ தர முடியாத சந்தோஷம் அது.

அடுத்த வாரம் 1907-ல் லோட்ஸ் நகரில் ரூபின்ஸ்டைன் கறுப்பில் ரோட்லெவியை வென்ற ஆட்டத்தைத் தேடிப் போடுங்கள். நூறு வருட இடைவெளியில் இரண்டு ஆட்டங்களுக்கும் உள்ள உறவு அவனுக்கே தெரியும். இப்படி ஓர் ஆட்டத்திலிருந்து இன்னோர் ஆட்டத்துக்குப் போவதுதான் வீடியோ யுகத்தின் நிஜமான வசதி. எங்கள் காலத்தில் அந்த ஆட்டத்தின் மூவ் பட்டியலைக் கண்ணால் பார்க்கவே பழைய புத்தகக் கடைகளில் அலைய வேண்டும்.

இன்னொரு விஷயம். பல வீடியோக்களில் போர்டின் ஓரத்தில் வெள்ளையும் கறுப்புமாக ஒரு பட்டை ஏறி இறங்கும். கம்ப்யூட்டர் எஞ்சின் யாருக்கு எவ்வளவு சாதகம் என்று காட்டுவது அது. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்கு அந்தப் பட்டை கெடுதல். ஒரு மூவ் ஆடியதும் பட்டை குதித்தால், அங்கே ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று யோசிக்காமலே தெரிந்துவிடும். போட்டியில் பட்டை இல்லை. ஸ்கிரீனின் அந்த ஓரத்தில் ஒரு காகிதத் துண்டை ஒட்டி மறைத்துவிடுங்கள். குகேஷை வளர்த்த பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவர் கிராண்ட்மாஸ்டர் ஆகும் வரை எஞ்சின் பக்கமே விடாமல் பார்த்துக்கொண்டார் என்பது செஸ் உலகம் முழுக்கத் தெரிந்த செய்தி. பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனவருக்கே அதுதான் பாதை என்றால், ஒன்பது வயதுப் பையனுக்குப் பட்டை எதற்கு?

சரி, எந்த வீடியோ?

காயைச் சும்மா விடுவதுதான் உங்கள் மகனின் இப்போதைய பிரச்சினை. அதற்கு மருந்து ஓப்பனிங்கில் இல்லை. ஜான் பார்த்தலோமியூ என்ற அமெரிக்க இன்டர்நேஷனல் மாஸ்டர் அடிப்படைகளைப் பற்றி ஒரு வரிசை போட்டிருக்கிறார். அதன் முதல் பாடமே காவல் இல்லாத காய்களைப் பற்றியதுதான். நிதானமான ஆள், கத்த மாட்டார், ஆங்கிலமும் புரியும்படி இருக்கும். ஒவ்வொரு மூவுக்கு முன்னும் போர்டு முழுக்க ஒரு சுற்றுப் பார்த்து, யாருக்குக் காவல் இல்லை என்று எண்ணும் பழக்கத்தை அந்த ஒரு பாடம் விதைத்துவிடும். அதற்கு அடுத்தபடியாக, கனடாவின் கிராண்ட்மாஸ்டர் அமன் ஹாம்பிள்டன் செஸ்பிரா சேனலில் போட்ட ‘பில்டிங் ஹேபிட்ஸ்’ வரிசை. அவர் அடிமட்ட ரேட்டிங்கிலிருந்து தொடங்கி, தன் திறமையை எல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, சும்மா கிடைக்கும் காயை எடு, உன் காயைச் சும்மா கொடுக்காதே, சீக்கிரம் கேஸ்லிங் செய் என்கிற மாதிரி நாலைந்து எளிய விதிகளை மட்டும் வைத்து ஆடிக் காட்டுகிறார். அந்த மட்டத்தில் அதுவே எத்தனை ஆட்டங்களை ஜெயிக்கிறது என்று பார்க்கும்போது பிள்ளைகளுக்கு நம்பிக்கை வரும். பெற்றோர்களும் அதோடு சேர்ந்து கற்றுக்கொள்ளலாம்.

கொஞ்சம் தேறியதும் அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கியின் ஸ்பீட்ரன் வீடியோக்கள், அதாவது கீழ்மட்ட ரேட்டிங்கிலிருந்து ஆடி மேலேறிக் காட்டுபவை. 2025 அக்டோபரில், 29 வயதிலேயே அவர் மறைந்துபோனது செஸ் கற்பிக்கும் எல்லோருக்கும் பெரிய இழப்பு. இவ்வளவு பலமான ஆட்டக்காரர் ஒருவர், பலவீனமான ஆட்டக்காரர்களை ஒரு துளியும் இளக்காரம் செய்யாமல், எதிராளி ஏன் இந்த மூவை ஆடியிருப்பார், அதில் என்ன நியாயம் இருக்கிறது என்று முதலில் விளக்குவார். பிறகுதான் தன் பதிலைச் சொல்வார். ஆட்டம் முடிந்த பிறகு திரும்பப் போய் அலசுவதையும் விடாமல் பாருங்கள், அதுதான் சாரம். செயின்ட் லூயிஸ் செஸ் கிளப்பின் சேனலில் யாசர் செய்ரவான் பேசும் வகுப்புகளும் அப்படித்தான், ஆனால் வேறு ருசி. அவர் கார்போவ், தால், கோர்ச்னாய் என்று அந்தக் கால ஜாம்பவான்கள் எல்லோரோடும் நேரில் ஆடிய அமெரிக்க கிராண்ட்மாஸ்டர். ஆட்டத்தோடு சேர்த்து ஆட்களைப் பற்றியும் சொல்வார். பெரியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அகட்மேட்டர் என்ற பெயரில் குரோஷியாவின் அன்டோனியோ ராடிச் போடும் வீடியோக்கள் பழைய ஆட்டங்களுக்கு அருமையான வாசல். நிறுத்தி யோசியுங்கள் என்று அவரே சொல்லுவார். கோத்தம்செஸ்ஸில் லெவி ரோஸ்மேன் வேகம், சத்தம், சிரிப்பு. செஸ்ஸை இவ்வளவு பேரிடம் கொண்டு சேர்த்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு, குழந்தைகளுக்கு அவரைப் பிடிப்பதும் நியாயம். ஆனால் அதைப் பாட நேரத்தில் சேர்க்காதீர்கள், சாப்பிடும்போது பார்க்கட்டும். நம் நாட்டில் சாகர் ஷாவும் அம்ருதா மோகலும் நடத்தும் செஸ்பேஸ் இந்தியா சேனலில், ஆட்டம் முடிந்த கையோடு பிரக்ஞானந்தாவையோ வைஷாலியையோ அரவிந்த் சிதம்பரத்தையோ நிறுத்தி, என்ன யோசித்தீர்கள் என்று கேட்டு எடுத்த பேட்டிகள் கொட்டிக் கிடக்கின்றன. அவற்றை மிகவும் மதிக்கிறேன். இங்கே நான் பயந்தேன், இதைப் பார்க்கத் தவறினேன் என்று ஒரு கிராண்ட்மாஸ்டர் சாதாரணமாகச் சொல்வதைக் கேட்பது, தோற்றுவிட்டு அழும் குழந்தைக்கு நான் சொல்லும் ஆறுதலைவிட நன்றாக வேலை செய்யும். பிரக்ஞானந்தாவின் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷ் பேசும் வீடியோக்கள் கிடைத்தால் பெற்றோர்களே முதலில் பாருங்கள். மனதுக்குள் கணக்குப் போடுவதற்கு அவர் கொடுக்கும் இடம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

ஒரு பழைய பொக்கிஷத்தையும் சொல்ல வேண்டும். 1970களில் பிபிசி ‘தி மாஸ்டர் கேம்’ என்று ஒரு போட்டி நிகழ்ச்சி நடத்தியது. ஆடிய மாஸ்டர்களே பிறகு உட்கார்ந்து, ஒவ்வொரு மூவின்போதும் தங்கள் மனதில் ஓடியதை, அப்போதே யோசிப்பது போலப் பேசிப் பதிவு செய்தார்கள். இரண்டு பேரின் மனதையும் மாறி மாறிக் கேட்கலாம். ஒருவர் தாக்குதல் வரப்போகிறது என்று நடுங்கிக்கொண்டிருப்பார், மற்றவருக்கு அந்த யோசனையே இருக்காது. ஐம்பது வருடம் ஆகியும் இதற்கு ஈடான ஒன்றை நான் பார்க்கவில்லை. அதில் சில பகுதிகள் இணையத்தில் கிடைக்கின்றன.

எதை ஒதுக்குவது? எட்டே மூவில் ஜெயிக்கும் ரகசியம் என்று முகப்பில் சிவப்பு எழுத்தில் போட்டிருப்பவற்றை. ஸ்டாஃபோர்ட் கேம்பிட், இங்லண்ட் கேம்பிட் மாதிரிப் பொறிகள் ஆன்லைனில் மூன்று நிமிட ஆட்டத்தில் வேலை செய்யும். சென்னையில் ஞாயிறு போட்டிக்கு வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் அதே வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். பொறி தெரிந்த எதிராளி சரியாக ஆடிவிட்டால், உங்கள் பையன் ஐந்தாவது மூவிலேயே ஒரு சிப்பாய் கம்மியாக, காய்கள் எங்கெங்கோ சிதறி, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பான். அவன் அழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஒரு நிமிட ஷார்ட்ஸும் வேண்டாம்.

அதற்குப் பதிலாக, யாரும் விரும்பிப் பார்க்காத எண்ட்கேம், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கட்டம் பற்றிய வீடியோக்களைப் பார்க்கச் சொல்லுங்கள். போர்டில் நாலைந்து காய்கள்தான் இருக்கும் என்பதால் வீடியோவில் கற்க இதைவிடத் தோதான பகுதி கிடையாது. அலுப்பாக இருக்கும் என்றால், 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் நடந்த உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது ஆட்டத்தின் கடைசிப் பகுதியைப் போட்டுக் காட்டுங்கள். அப்போதைய சாம்பியன் டிங் லிரனும் குகேஷும் புள்ளிகளில் சமநிலையில். டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ஆட்டம். 55-வது மூவில் டிங் யானையை எஃப்2-ல் வைக்கிறார். முதலில் குகேஷுக்குப் பிடிபடவில்லை, பிறகு பிடிபடுகிறது. கேமரா அவர் முகத்திலேயே இருக்கிறது: கண் விரிகிறது, தண்ணீர் குடிக்கிறார், தன்னை அடக்கிக்கொள்கிறார். ஏன் அது தப்பு? டிங்கின் பிஷப் ஏ8 மூலையில் மாட்டியிருக்கிறது. குகேஷ் யானைகளை மாற்றிவிட்டு, தன் பிஷப்பை டி5-ல் வைத்தால் பிஷப்புகளும் மாறியே தீரும். மிஞ்சுவது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும், அதில் ஒரு சிப்பாய் அதிகம் இருக்கும் குகேஷுக்கு வெற்றி நிச்சயம். ராஜா-சிப்பாய் எண்ட்கேம் தெரிந்த குழந்தைக்கு இது புரியும். உலக சாம்பியன் பட்டமே அந்த அடிப்படைப் பாடத்தில்தான் முடிவானது. ஜெயித்த பிறகு அழுதுகொண்டே குகேஷ் எல்லாக் காய்களையும் திரும்ப ஆரம்ப இடத்தில் அடுக்கி வைப்பதையும் பார்க்க விடுங்கள். நல்ல பழக்கம்.

தமிழ் வீடியோக்கள் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலம் தடுமாறும் பிள்ளைக்குத் தமிழில் கேட்பது நிச்சயம் நல்லது. எந்தச் சேனல் என்பதைவிட, சொல்கிறவர் எதிராளியின் யோசனையையும் விளக்குகிறாரா என்று பாருங்கள். ஒரே பக்கத்து மூவ்களை மட்டும் புகழ்ந்துகொண்டு, மற்றவர் பொம்மை மாதிரி தப்புத் தப்பாக ஆடும் வீடியோவில் எதுவும் இல்லை.

இனி படங்கள். படம் பார்த்து யாரும் செஸ் கற்றதில்லை. ஆனால் போர்டின் முன்னால் உட்கார்ந்திருக்கும்போது வயிற்றுக்குள் என்ன நடக்கும் என்பதைப் படம் சொல்லும். அதற்காகவே பார்க்கலாம்.

உங்கள் வீட்டுக்கு முதல் படம், ‘சர்ச்சிங் ஃபார் பாபி ஃபிஷர்’, 1993-ல் ஸ்டீவன் ஸெய்லியன் எடுத்தது. ஜோஷ் வெய்ட்ஸ்கின் என்ற நிஜப் பையனைப் பற்றி அவன் அப்பா எழுதிய புத்தகம்தான் மூலம். பூங்காவில் பரபரவென்று பிளிட்ஸ் ஆடும் ஒருவர், கட்டுப்பாடான ஒரு பயிற்சியாளர், மகனின் வெற்றியில் தன் மானத்தையே வைத்துவிட்ட ஓர் அப்பா. நடுவில் தோற்கப் பயப்படும் ஒரு குழந்தை. போட்டி நாளில் பெற்றோர்களை ஹாலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தும் காட்சி ஒன்று வரும். நம் ஊர்ப் பள்ளிக்கூடப் போட்டிகளில் அதே காட்சியை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பெற்றோர்களோடு பார்க்கலாம். பயிற்சியாளர் போர்டிலிருந்து காய்களை எல்லாம் தட்டிவிட்டு, இப்போது மனதில் பார் என்கிற இடம்தான் மொத்தப் படத்திலும் செஸ் பாடம். படத்தில் கடைசி ஆட்டத்தில் ஜோஷ் டிரா கேட்டுக் கை நீட்டுவான், எதிராளி மறுப்பான், ஜோஷ் ஜெயிப்பான். நிஜத்தில் அந்த ஆட்டம் டிராவில்தான் முடிந்தது. இதைப் படம் முடிந்த பிறகு பையனிடம் சொல்லுங்கள், முன்னால் சொல்லாதீர்கள். என்னைக் கேட்டால் இது பிள்ளைகளைவிடப் பெற்றோர்களுக்கான படம்.

‘குயின் ஆஃப் காட்வே’, மீரா நாயர் 2016-ல் எடுத்தது. உகாண்டாவின் கம்பாலாவில், காட்வே குடிசைப் பகுதியில் சோளம் விற்கும் பியோனா முட்டேசி செஸ் கற்றுக்கொள்ளும் நிஜக் கதை. ஒரு சிறுமி இன்னொரு சிறுமிக்கு, சிப்பாய் நடந்து நடந்து அந்தப் பக்கம் போனால் ராணி ஆகலாம் என்று விளக்கும் இடம் ஒன்பது வயதுக்கு நேராகப் போய்ச் சேரும். மழையில் வீடு போகும் காட்சிகளை சென்னைக்காரர்கள் வேறு மாதிரி உணர்வார்கள். தோல்விக்குப் பிறகு அவள் மறுபடி போர்டுக்குத் திரும்புவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் படம் அவசரப்படுத்தவில்லை. அதனால் எனக்கு இது மிகவும் பிடிக்கும்.

செஸ் ஆடி மேலே வரும் ஒரு கற்பனைப் பெண்ணின் கதையான ‘தி குயின்ஸ் கேம்பிட்’ தொடர் 2020 அக்டோபரில் வந்து, ஊரடங்கு நேரத்தில் உலகம் முழுக்க போர்டுகளை விற்றுத் தீர்த்தது. முன்னாள் உலக சாம்பியன் காஸ்பரோவும் பயிற்சியாளர் புரூஸ் பண்டோல்ஃபினியும் ஆலோசகர்கள் என்பதால் ஆட்டங்கள் எல்லாம் சுத்தமானவை. கடைசி ஆட்டம் 1993-ல் பீல் நகரில் பாட்ரிக் வோல்ஃபும் இவான்சுக்கும் ஆடியதை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் மாத்திரை, குடி என்று நிறைய வருகிறது, பிள்ளையோடு பார்க்காதீர்கள். பெரியவர்கள் பாருங்கள். ஒரு மனக்குறை உண்டு: நோனா கப்ரிந்தாஷ்விலி ஆண்களோடு ஆடியதே இல்லை என்று ஒரு வசனம் வரும். ஆண்களோடு ஆடி ஜெயித்து, 1978-ல் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர். வழக்குப் போட்டார், 2022-ல் சமரசம் ஆனது. பெண் குழந்தைகளுக்கு இந்தத் தொடரைப் பற்றிச் சொல்லும்போது கற்பனைக் கதாநாயகியோடு நிஜ நோனாவையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

‘பான் சாக்ரிஃபைஸ்’ 1972-ன் ஃபிஷர்–ஸ்பாஸ்கி உலக சாம்பியன் போட்டியைப் பற்றியது. பதின்வயதுக்கு மேல் பார்க்கலாம். ஆறாவது ஆட்டத்தில் தோற்ற ஸ்பாஸ்கியே எழுந்து கைதட்டுவது நிஜமாக நடந்தது, அந்த ஒரு காட்சிக்காகவே பார்க்கலாம். ‘மேக்னஸ்’ ஆவணப்படத்தின் உச்சம் நம் ஊர்தான், 2013 நவம்பரில் சென்னையில் கார்ல்சன் ஆனந்திடமிருந்து பட்டத்தைப் பறித்தது. படம் கார்ல்சனை உள்ளுணர்வு மேதையாகவும், ஆனந்தைக் கம்ப்யூட்டரும் உதவியாளர் படையும் சூழ வந்தவராகவும் காட்டுகிறது. இதை என்னால் ஏற்க முடியாது. ஆனந்தின் வேகமும் உள்ளுணர்வும் உலகம் அறிந்தது. மேலே சொன்ன அரோனியன் ஆட்டம் அதே வருடத்தில் வந்ததுதான். பார்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை, பார்த்துவிட்டு வீட்டில் விவாதிக்க நல்ல படம்.

சத்யஜித் ராயின் ‘சத்ரஞ்ச் கே கிலாடி’, 1977. பிரேம்சந்த் கதை. 1856-ல் ஆங்கிலேயர்கள் அவத் ராஜ்ஜியத்தை விழுங்குகிறார்கள், லக்னோவின் இரண்டு பிரபுக்கள் போர்டைவிட்டுத் தலை தூக்குவதில்லை. மெதுவான படம், பையனுக்குப் பொறுமை இருக்காது. ஆனால் பழைய இந்திய ஆட்டத்துக்கும் இன்றைய ஆட்டத்துக்கும் நடுவே என்ன மாறியது என்பதை, மந்திரி போய் ராணி வந்ததை, இதைவிட அழகாக யாரும் படமாக்கவில்லை. எதிர்த்திசையில், வீட்டில் எல்லோரும் சிரிக்க ‘செஸ் ஃபீவர்’ இருக்கிறது. 1925-ல் மாஸ்கோவில் பெரிய போட்டி நடந்துகொண்டிருந்தபோதே எடுத்த ஊமைக் குறும்படம், அரை மணி நேரம்கூட இல்லை. சட்டை, தொப்பி, கைக்குட்டை எல்லாம் கட்டம் போட்ட செஸ் பைத்தியம் ஒருவன் கல்யாணத்தையே மறந்துவிடுகிறான். அப்போதைய உலக சாம்பியன் கேப்பப்ளாங்காவே வந்து நடித்திருக்கிறார். பேச்சே இல்லை, நடுவே வரும் எழுத்து அட்டைகளை மட்டும் படித்துச் சொன்னால் போதும்.

எந்தப் படம் பார்த்தாலும் பையனுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஆடுகிறவரின் வலது கைப் பக்கத்து மூலைக்கட்டம் வெள்ளையா என்று பார்க்கச் சொல்லுங்கள். நம் படங்களிலும் சீரியல்களிலும் போர்டைக் குறுக்கே திருப்பி வைத்திருப்பது சகஜம். ராணி தன் நிறக் கட்டத்தில் நிற்கிறதா, கதாநாயகன் ஒரு காயைத் தொட்டுவிட்டு வேறு காயை நகர்த்துகிறானா என்றும் பார்க்கட்டும். போட்டியில் தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும் என்பது ஒரு தடவை சிரித்துக்கொண்டே கண்டுபிடித்தால் மறக்காது.

கடைசியாக ‘அல்காரிதம்ஸ்’. இயன் மெக்டொனால்ட் எடுத்த கறுப்பு வெள்ளை ஆவணப்படம், பார்வையற்ற இந்தியச் சிறுவர்கள் சர்வதேசப் போட்டிகளுக்குப் போவதைப் பற்றியது. அவர்களின் போர்டில் கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும், காய்கள் துளைகளில் செருகி நிற்கும், விரலால் தடவித்தான் நிலையை அறிய வேண்டும், மூவை வாயால் சொல்ல வேண்டும். உங்கள் மகன் காயைச் சும்மா விடுவதற்குக் காரணம், கண் இருந்தும் போர்டு முழுவதையும் பார்க்காததுதான். இந்தப் படத்தை அவனோடு பாருங்கள். பார்த்த அன்றே, போர்டைத் திருப்பி வைத்துவிட்டு, இரண்டு பேரும் மூவை வாயால் மட்டும் சொல்லி ஆடிப் பாருங்கள். ஐந்தாறு மூவில் இருவருக்கும் குழம்பும். குழம்பிய இடத்தில் நிறுத்தி, எந்தக் காய் எங்கே இருக்கிறது என்று அவனையே போர்டில் வைக்கச் சொல்லுங்கள். மறுநாள் அங்கிருந்தே தொடருங்கள்.